அவன் ‘ம்’ சொல்வதற்கு முன்

“வார் இழுக்க வேற ஆளை வைண்ணே. நான் வேலைக்குப் போறேன்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குச் சோறு போடும்போதே கேட்டுவிட்டேன்.

திருவானைக்காவலில் எங்களுடையது மரப் பேனா கடைந்தெடுக்கும் பட்டறை. வெட்பாலை வெள்ளை மரம். கடைந்து, தேய்த்து, மெருகு போட்டால் தந்தம் மாதிரி இருக்கும். ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். மோட்டார் கிடையாது. தண்டில் சுற்றிய தோல் வாரை நான் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்க, மரம் சுழலும். அண்ணன் மருதை உளி பிடிப்பான். நடுவில் நிறுத்தச் சொல்லி, உளி முனைக்கும் மரத்துக்கும் இடையே பெருவிரலை விட்டு வழவழப்புப் பார்ப்பான். பார்த்து முடித்து ‘ம்’ என்ற பிறகுதான் நான் இழுக்க வேண்டும். விரல் என் பொறுப்பு. அதனால்தான் வெளியாள் கூடாது, கட்டிய பெண்டாட்டிகூடக் கூடாது, கூடப்பிறந்தவள்தான் இழுக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

“பி.ஏ. படிச்சதுக்கு நாற்காலி கேக்குது பாரு” என்றான்.

“நாற்காலியில உக்காந்தா நமக்கெல்லாம் காலு தொங்குங்க” என்றாள் அண்ணி இருசம்மாள். இருவரும் சிரித்தார்கள். குழம்பை ஊற்றினேன்.

அந்த வாரமே, புது நிப்புகளைக் கிறுக்கிப் பார்க்கும் காகிதக் கட்டுக்குள் எனக்கு வந்த இன்டர்வியூ கடிதம் கிடைத்தது. செல்லக்கிளி, பி.ஏ. என்ற எழுத்தின் மேல் நீல மைச் சுழிகள். தேதி கடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அண்ணனிடம் நீட்டினேன்.

“நீ போயிட்டா எவ இழுப்பா?” என்றான். மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை.

எனக்கும் கோபம் வரவில்லை. யோசித்தேன். அவன் உளி பிடிக்கும்வரை நான் வார் இழுக்க வேண்டும். அவன் பிடிக்காவிட்டால் வேண்டாம். கணக்கு அவ்வளவுதான்.

சில நாள் இடது பெருவிரலால் பார்ப்பான், சில நாள் வலது. இடது வந்தபோதெல்லாம் பொறுத்தேன். பத்தாம் நாள் வலது வந்தது. அவன் ‘ம்’ சொல்லவில்லை. நான் இழுத்தேன்.

நரம்பு அறுந்துவிட்டது, இனி மடங்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

“வார் வழுக்கிடுச்சா கிளி?”

“ஆமாண்ணே.”

“உன் தப்பு இல்ல. அழுவாத” என்றான். நான் அழவில்லை. கறை ஏறிய அந்தப் பேனாவை மட்டும் தூக்கிப் போட வேண்டியிருந்தது, அதுவும் நல்ல மரம்.

பட்டறை நின்றது. நான் வேறு இடத்துக்கு மனுப் போட்டு, இன்டர்வியூவுக்கும் போய்வந்தேன். மூன்றாம் மாதம் மணப்பாறையில் எழுத்தர் வேலைக்கு ஆர்டர் வந்தது. தபால்காரரிடம் நானே வாங்கினேன்.

கிளம்பும் அன்று அண்ணன் வாசலில் நின்றான். “இந்த நெலமையில என்னை விட்டுட்டுப் போறியே கிளி.”

நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவள் இல்லை. “வார் வழுக்கலண்ணே. நீ ‘ம்’ சொல்றதுக்கு முன்னாடி நான்தான் இழுத்தேன். தெரிஞ்சேதான்.”

அண்ணன் சிரித்தான். “நான் வெறுத்து அனுப்பிடணும்னு இப்படியெல்லாம் சொல்றியாக்கும். போடி. பத்திரமா இரு.”

இரண்டாம் தடவை சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவன் குற்றம். பெட்டியை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் படியிறங்கினேன்.