கோயில் படியில் வைத்த சாவி

விற்கப் போகிற காரைக் கழுவக் கூடாது என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் புத்தி. கடற்கரைக் கார் பளபளவென்று வந்து நின்றால், வாங்க வருகிறவன் உடனே குனிந்து அடியில் உப்பு அரித்திருக்கிறதா என்று தேடுவான். கொஞ்சம் தூசியோடு நின்றால் நம்புவான். ரோச்சிடமும் இதைச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. ஷாம்பு போட்டுக் கழுவி, சீட் உறையெல்லாம் புதிதாக மாற்றி வைத்தான். ஒரு பொருளை அழுக்காகக் கைமாற்ற அவனுக்கு மனசு வராது.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் கேள்வி கேட்டு நான் பதில் சொன்னால் முன்னும் பின்னுமாகப் போய்விடும். அதனால்தான் தாளும் பேனாவும் கேட்டேன். என் பெயர் லிங்கராஜ். தூத்துக்குடியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கூடவே, பழைய கார் விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் சேர்த்துவைக்கிற வேலையும் உண்டு. ஊரில் எனக்கு ‘உஷார் அண்ணாச்சி’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனால் நாளாக ஆக, கேலி செய்தவர்களே கார் விற்கும்போது என் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். “மெசேஜ் வந்துட்டுன்னா பணம் வந்துட்டுன்னு அர்த்தம் இல்லடே. ஸ்கிரீன்ஷாட்ட எவன் வேணும்னாலும் செய்யலாம். பணம் வாங்குததுக்கு எவனும் ஒங்கிட்ட பின் நம்பர் கேக்க மாட்டான். தெரியாம கூட அனுப்பிட்டேன், மிச்சத்தத் திருப்பி அனுப்புன்னு சொல்லுதான்னா அவன் திருடன். வாங்க வாரவனக் கூட்டிக்கிட்டு ஒன் பேங்குக்கே போ. ஒன் கணக்குல ஏறுனத ஒன் கண்ணால பாரு. அதுவரைக்கும் சாவி ஒன் மடியில கெடக்கட்டும்.” இதற்கு நான் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

ரோச் எனக்கு இருபது வருஷப் பழக்கம். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலை பார்த்த காலத்தில் கடைக்கு வர ஆரம்பித்தவன். முட்டி தேய்ந்துபோன பிறகு, சொந்த ஊரான புன்னைக்காயலில் உட்கார்ந்துவிட்டான். மனைவி பேபி, மகன் ஜெஸ்டின். ஜெஸ்டின் அப்பாவின் ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். வள்ளம் நல்ல வள்ளம், எஞ்சின்தான் பழையது. ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் அலை உடையும். அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை நின்று, அந்தோணியார் புண்ணியத்தில் தப்பித்து வந்திருந்தான். அதனால் காரை விற்றுப் புது எஞ்சின் வாங்கிவிடுவது என்று ரோச் முடிவு செய்தான். அந்த முடிவில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தம் எங்கே வந்தது என்றால், ஆத்தூரில் ஒரு கல்யாண வீட்டில். பந்தி முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் ரோச் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். “லிங்கராஜ் அண்ணாச்சி தங்கமான மனுஷந்தான். ஆனா தொழில்னு வந்துட்டா ரெண்டு பக்கமும் தின்னுருவாரு. அதான் நானே வித்துக்கிடலாம்னு பாக்கேன்.”

ரோச்சிடமிருந்து நான் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. முன்பு அவனுடைய வேனை விற்றுக் கொடுத்தேன், அப்போதும் வாங்கவில்லை. வாங்கிய ஆள் தன் சந்தோஷத்துக்கு ஏதோ கொடுத்தான். விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசி முடித்ததற்கு அவன் காட்டிய மரியாதை அது. அதை ரோச்சிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இருபது வருஷம் அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்டவன், எச்சில் கை காய்வதற்குள் என்னைத் திருடனாக்கிவிட்டான். அதைவிடத் துரோகம் ஒன்று உண்டா என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் கடைக்கு வந்தான். “அண்ணாச்சி, பய ஆன்லைன்ல போட்டிருக்கான். ஒரே பிராடுப் பயலுவளா கூப்புடுதானுவ. எப்படி விக்கணும்னு நீங்க சொல்லுங்க” என்றான். காரை விற்க நான் வேண்டாம், புத்தி மட்டும் வேண்டும். அப்படியும் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. யார் வாங்க வந்தாலும் திங்கட்கிழமை பேங்கில் வைத்துத்தான் சாவி என்று அவனைத் தலையாட்ட வைத்ததே நான்தான். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் கயத்தாறு பக்கம் ஒரு டீக்கடையில் பாண்டியராஜனைப் பார்த்தேன். பேங்க் பெயரில் பொய் மெசேஜ் அனுப்பிக் கார் தூக்குகிற ஆள் அவன். என்னிடம் வந்து அழுத இரண்டு பேரின் வழியாக அவனைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டு பேருக்காகவும் அவன்மேல் கோபப்பட்டவன் நான். அவனுக்கு நான் சொன்னது அதிகமில்லை. விளம்பரத்தைப் பார்த்ததாக ரோச்சுக்குப் போன் செய்து விலை பேசு, கழுத்தில் சிலுவைச் செயின் போட்டுக்கொள், திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் சனிக்கிழமை சாயங்காலமே போ, சாவியைக் கோயிலில் வைத்து வாங்கிக்கொள்கிறேன் என்று நீயே கேள். இவ்வளவுதான்.

ஏன் கோயில் என்று நீங்கள் கேட்டீர்கள். ரோச் வீட்டில் வள்ளமோ வண்டியோ வாங்கினால் முதலில் மாதா கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிப்பார்கள். விற்கும்போதும் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கண்ணாடியில் தொங்கும் செபமாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சாவியைப் படியில் வைப்பார்கள். வாங்குகிறவர் கும்பிட்டு எடுத்துக்கொள்வார். மாதா முன்னால் நின்று பணத்தை எண்ணுவதோ, வந்ததா என்று சோதிப்பதோ அந்த வீட்டில் கிடையாது. எதிரில் நிற்கிறவனைத் திருடன் என்று மாதாவிடம் சொல்வதற்குச் சமம் என்பார்கள். அவன் அப்பா காலத்திலிருந்து அப்படி. வேனை விற்ற அன்று நானும் அங்கே நின்றேன். வாங்க வந்தவர்களைத் தவிர, வெளியாளாக அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாள். அன்றைக்குக் கோயிலில் வைத்துச் சாவி கேட்கிற ஒருவனை ரோச்சால் தட்ட முடியாது. பேங்கும் பூட்டியிருக்கும். ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட தாள்களையும் சாவிக்கு முன்பே ரோச் பாண்டியராஜனிடம் கொடுத்துவிட்டான். படியில் சாவியை வைத்த பிறகும் அவனுக்கு ஒரு நெருடல் இருந்திருக்கிறது. என் பாடம் அவன் மண்டையில் ஓடியிருக்கும். மாதா முன்னால் போனில் கணக்கைத் திறந்து பார்க்க மனசு வராமல், ஓரமாக ஒதுங்கி நின்று என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, ஆளு இன்னைக்கே வந்துட்டாரு. பணம் ஏறிட்டுன்னு மெசேஜும் வந்துட்டு. குடுத்திரட்டா?”

அந்த அழைப்புக்காகத்தான் நான் கல்லாவில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஆத்தூர்ப் பந்தி ஞாபகத்துக்கு வந்தது.

“மெசேஜ் வந்துட்டுல்லா ரோச்சு. சாவியப் படியில வச்சாச்சா? பெறவு என்ன, எடுத்துக்கிடச் சொல்லு” என்றேன்.

அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மறுநாள் பணம் கணக்கில் காட்டவில்லை என்று போன் செய்தான். பேங்கில் சர்வர் கோளாறு, திங்கட்கிழமை ஏறிவிடும் என்றேன். உடனே போலீஸுக்குச் சொன்னால் வண்டி மாநில எல்லையைத் தாண்டுவதற்குள் மடக்கலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். திங்கட்கிழமை பேங்குக்கு அவன்கூட நானும் போனேன். பணம் எதுவும் வரவில்லை என்று சொன்னதும் ரோச் சுவரில் சாய்ந்துவிட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகை, மேடம். அவன்தான் என் கையைப் பிடித்து, “நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, ஒங்களையும்லா சேத்து ஏமாத்திட்டான்” என்று தேற்றினான்.

ஒரு வாரம் தவிக்கவிட்டுக் காரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் பாண்டியராஜன் அதைக் கேரளாவில் தள்ளிவிட்டு, என் பங்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். வேண்டாம் என்றால் என்மேல் சந்தேகப்படுவான் என்று வாங்கி பீரோவில் வைத்தேன். சொந்தச் செலவுக்கு அதிலிருந்து ஒரு தாளை எடுத்ததில்லை.

புது எஞ்சின் இனி இல்லை என்றானதும், பழையதைப் பழுதுபார்க்கப் பேபி என்னிடம் கடன் கேட்டு வந்தாள். “ஒங்களத் தவிர யாருட்ட அண்ணாச்சி கேக்கது?” என்றாள். பீரோவில் இருந்த அந்தக் கட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். சும்மா கொடுத்தால் ரோச்சின் ரோஷத்துக்கு இழுக்கு. அதனால் மாதம் நூற்றுக்கு ஒரு வட்டி மட்டும் வைத்தேன். கடற்கரையில் மற்றவர்கள் மூன்றுக்குக் குறைந்து கொடுப்பதில்லை. பேபி மாதம் தவறாமல் வட்டியோடு ஒரு பொட்டலம் கருவாடும் கொண்டுவந்து கொடுப்பாள்.

ஜெஸ்டின் போன விவரம் உங்களுக்குத் தெரியும். காற்று மாறியிருந்த ஒரு காலையில் கரைக்குத் திரும்பும்போது முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றது. கூட இருந்த இருவர் நீந்திக் கரையேறினார்கள். அவன் மறுநாள் ஒதுங்கினான். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். என்னை மாமா என்று கூப்பிட்ட பிள்ளை. அந்த மாத வட்டி வேண்டாம் என்று நானாகவே பேபியிடம் சொல்லிவிட்டேன். அந்த நிலையிலும் அவள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ரோச் கடைக்கு வந்தான். சவரம் செய்யாத முகம். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன், உட்காரவில்லை.

“அண்ணாச்சி, அன்னைக்குப் போன்ல சாவியப் படியில வச்சாச்சான்னு கேட்டீங்கள்லா?”

“ஆமா, கேட்டேன்.”

“பேங்குல குடுக்கதாத்தானே பேச்சு. நான் கோயில்ல நிக்கேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“நீதான் சொல்லியிருப்ப.”

“நான் சொல்லல.”

நான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ண ஆரம்பித்தேன். அவன் கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

“காருக்காகக் கேக்கல அண்ணாச்சி. அன்னைக்கு ஒங்கள நம்பித்தான் மாதாவுக்கு முன்னால நின்னேன்.”

நான் வேண்டாம் என்று சொல்லியிருந்த அந்த மாத வட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான். நான் பணத்தை எடுத்துக் கல்லாவில் போட்டேன். கணக்கு கணக்காக இருக்க வேண்டும் அல்லவா.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். யோசனை என்னுடையது. ஆளைப் பிடித்தது, நாளைச் சொன்னது, இடத்தைச் சொன்னது, போனில் கொடு என்று சொன்னது, எல்லாம் நான்தான். எஞ்சின் நின்றதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதை மட்டும் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். ரோச் என்னைப் பற்றி அந்தப் பந்தியில் சொன்னது அபாண்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது.

பீரோவில் மிச்சமிருக்கும் பணத்தை என் கையாலேயே எடுத்துத் தருகிறேன், அவனிடம் சேர்த்துவிடுங்கள். பேபி வாங்கிய கடனையும் தள்ளுபடி செய்துவிட்டேன். என் தரகை மட்டும் கழித்துக்கொண்டேன். விற்றவர் பக்கம் இரண்டு சதவீதம், வாங்கியவர் பக்கம் இரண்டு சதவீதம், எல்லோரிடமும் வாங்குவதுதான்.