தேயாத வாள்

கிரீச்சிடும் கதவு எனக்குப் பிடிக்கும். யாரோ நம்மைக் கூப்பிடப்போகிறார்கள் என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷம் கீல் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு கீலை ஐம்பதாயிரம் தடவை திறந்து மூடி, எப்போது தேய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. உலகத்தில் பாதிக் கதவுகள் என்னைக் கேட்டுத்தான் திறக்கின்றன என்பேன். மீதிப் பாதி பிழைத்தது என்பாள் என் மனைவி.

அவள் தம்பிக்கு விரல் ஏன் மறுபடி நின்றுபோனது என்று கேட்டீர்கள், பிசியோ அம்மா. அவன் எதிரே சொல்ல வாய் வரவில்லை, எழுதித் தருகிறேன்.

பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆறு மாதம் நான்தான் ஊட்டினேன். நான் ஸ்பூனைத் தூக்கினால் வாயைத் திறப்பான். ரிட்டயர் ஆனபின் என் கைக்குத் திறந்த ஒரே கதவு அது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். மவுஸைப் பிடித்து ஏதாவது ஆடட்டும் என்றீர்கள். இணைய விளையாட்டு ஒன்றில் அவன் வாள் பட்டறை போட்டான். அங்கே எந்த வாளும் நூறு வெட்டில் தேயும், இருநூறில் உடையும். செப்பனிடப் பட்டறைக்குத்தான் வரவேண்டும். வாளுக்கு ஆள்காட்டி விரலால் பன்னிரண்டு தட்டு. தினம் முந்நூறு பேர் வந்தார்கள். சரி, எழுபது. எல்லோரும் அவனை 'மாஸ்டர்' என்றார்கள். நாலாவது மாதம் ஸ்பூனை அவனே பிடித்தான்.

"அத்தான், இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம். நிம்மதியா பேப்பர் படிங்க," என்றான்.

படித்தேன். வரி விளம்பரம் வரைக்கும் படித்தேன்.

அந்த விளையாட்டுக் கம்பெனி ஆட்டக்காரர்களிடம் குறை கேட்கும். அதிகம் பேர் கேட்டதைச் செய்யும். காசு கொடுத்து வாங்கிய வாள் ஏன் தேய வேண்டும், இது ஏழை ஆட்டக்காரன் வயிற்றில் அடிப்பது என்று எழுதினேன். அதையே நாற்பத்தொரு பெயரில் எழுதினேன்: கல்லூரிப் பெண்ணாக, லாரி டிரைவராக, ஐந்து பிள்ளைகளோடு நிற்கும் விதவையாக. விதவை எழுதியதைப் படித்து எனக்கே கண் கலங்கியது. நிஜ ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அவள் பின்னால் திரண்டார்கள். மூன்றாவது வாரம் கம்பெனி தேய்மானத்தையே எடுத்துவிட்டது.

பத்து நாள் ஒரே கொண்டாட்டம். பிறகு, உடையாத வாள்கள் குவிந்து குப்பை விலைக்கு வந்தன. செப்பனிடும் கூலியில் முக்கால்வாசியை முன்பு விளையாட்டே வரியாக விழுங்கிவிடும். அந்த வாய் மூடியதும் எல்லார் பையிலும் காசு ஊதிப்போய், ஒரு ரொட்டி நாலாயிரம் பொற்காசு ஆனது. மச்சினன் சேர்த்ததற்கெல்லாம் அரை ரொட்டி தேறும்.

அவன் பட்டறையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். வெறும் பட்டடைக்கல்லில் பன்னிரண்டு தட்டு தட்டிப் பார்ப்பான்.

"அத்தான், நான் வேலையில ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? வாள் தேயலைன்னா என்ன, சும்மா பேசக்கூட ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க."

"உன் வேலை சுத்தம்டா," என்றேன். அது பொய்யில்லை.

மறுநாள் அவன் மவுஸைத் தொடவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. நீங்கள் மருந்தைச் சந்தேகப்பட்டீர்கள். என் மனைவி உங்களைச் சந்தேகப்பட்டாள்.

இப்படி ஆகும் என்று தெரியாதா என்பீர்கள். தெரியும். எங்கள் தொழிற்சாலையில் ஒருமுறை தேயாத கீல் செய்தார்கள். ஒன்றரை லட்சம் தடவை திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அடுத்த வருஷம் பழுது பார்க்கும் பிரிவில் பதினாறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு ஃபோர்மேன் ஆறு மாதம் தினமும் கேட் பக்கம் வந்து நின்றார், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல். அந்தக் கைகள் நினைவில் இருந்ததால்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

ஆனால் மச்சினனை நான் கைவிடவில்லை. காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஏழு. ஸ்பூனோடு போய்விடுவேன், ஒரு நிமிஷம் பிசகாது. நேற்று அவன் அக்கா ஊட்டப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. நான் போனதும் திறந்தான்.

அதனால் இனி நீங்கள் சிரமப்பட்டு வரவேண்டாம், பிசியோ அம்மா. என் கவலையெல்லாம் ஒன்றுதான்: நான் ஒருவன் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பிள்ளையின் கதி என்னவாகியிருக்கும்.