காளிதாஸ் கேட்ட இரண்டு நாள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் கனகராஜ் அவர்களே, மூவாரிலிருந்தும் யோங் பெங்கிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அன்பர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி பிரேமலா அவர்களே, வணக்கம்.

வெள்ள மீட்புக் குழுவின் செயலாளர் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் காளிதாஸின் மரணத்தை விதி என்றார்கள். ஆற்றின் சீற்றம் என்றார்கள். இல்லை! ஆற்றின்மேல் பழியைப் போடாதீர்கள்!

யார் இந்தக் காளிதாஸ்? மூவார் படகுத்துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மோட்டார் பழுதுபார்த்த மாமனிதர். உப்புத் தண்ணீரில் இறுகிப்போன திருகை மற்றவர்கள் முரட்டுத்தனமாகத் திருகி உடைப்பார்கள். அவர் காலையில் உட்கார்ந்தால் மாலைவரை பொறுமையாகத் தட்டிக்கொண்டிருப்பார். கேட்டால், "கோவப்பட்டா ஸ்குருதான் ஜெயிக்கும் லா" என்று சிரிப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்று நான் கோபமாகத்தான் பேசப்போகிறேன்!

நம் மீட்புப் படகை ஓய்வு நாள்களில் பராமரித்தவரும் அவரே. மோட்டாரின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும் பகுதி கியர் பெட்டி. அதன் கீழ்த் திருகைக் கழற்றினால்தான் பழைய எண்ணெய் வடியும். உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று தெரியும். யாரோ பொருந்தாத திருப்புளியைப் போட்டு அந்தத் திருகின் தலையைச் சிதைத்திருந்தார்கள். அது அசையவே இல்லை.

அக்டோபர் மாதம் என்னிடமும் தலைவரிடமும் வந்து நின்றார். "கீழ் ஸ்குரு இறுகிப்போச்சு சார். ரெண்டு நாள் படகைக் குடுங்க. ஊறவச்சு, சூடு காட்டி எடுத்துடுறேன்."

தலைவர் என்ன சொன்னார்? "சனிக்கிழமை விழா இருக்கு. சிறப்பு விருந்தினரா டத்தோ வராரு. படகு மண்டபத்து முன்னாடி நிக்கணும். மேல் ஸ்குருவைத் தொறந்து பாரு, எண்ணெய் தெரிஞ்சா போதும்."

"எண்ணெய் மேலதான் நிக்கும் பாஸ். தண்ணி அடியில கிடக்கும்."

விழா முடிந்தது. படம் எடுத்தோம். அதன்பிறகும் இரண்டு முறை கேட்டார். "அப்புறம் பாக்கலாம்" என்றோம். பராமரிப்புப் புத்தகத்தில் 'கியர் எண்ணெய் மாற்றப்பட்டது' என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டது யார்? நான்! தலைவர் போடச் சொன்னார், போட்டேன்!

ஜனவரியில் வெள்ளம் வந்தது. ஆற்றோரக் கம்பத்துக் கிராமத்தில் புஷ்பவள்ளியும் அவர் தாயாரும் வீட்டுக் கூரைமேல் இருந்தார்கள். காளிதாஸ் கேட்டார்: "வேற படகு இல்லையா? அப்ப நானே ஓட்டுறேன். வழியில நின்னா வேற யாருக்கும் ஒண்ணும் புரியாது."

திரும்பும்போது நடு ஆற்றில் கியர் உடைந்தது. படகைத் தள்ளும் விசிறி நின்றது. படகு ஒரு மரத்தில் மோதியது. இதோ இங்கே அமர்ந்திருக்கும் புஷ்பவள்ளி என்னிடம் சொன்னார்: "அம்மாவைத் தூக்கிக் கிளையில வச்சாரு. அப்புறம் என்னை. அவரு ஏறுறதுக்குள்ள படகு கவுந்திருச்சு சார்."

ஒரு வாரம் கழித்துப் படகை மீட்ட பிறகு, அவருடைய பட்டறைத் தோழர் செல்வாவும் நானும் மோட்டாரைத் தூக்கிவந்து வைத்தோம். சனிக்கிழமை துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டோம். ஞாயிறு காலை திருகின் பள்ளத்தை அராவிச் சீராக்கி, பெட்டியைச் சுற்றிச் சூடு காட்டினோம். அடிக்க அடிக்கத் திரும்பும் திருப்புளியை வைத்துச் சுத்தியலால் அடித்தோம். நான் ஓங்கி அடித்தபோது செல்வா கையைப் பிடித்தார். "மெதுவா சார். அண்ணன் இப்படி அடிக்க மாட்டாரு."

பிற்பகலில் திருகு அசைந்தது. முதலில் என்ன வந்தது? தண்ணீர்! செங்கல் நிறத்தில் தண்ணீர்! எண்ணெய் அதற்குப் பிறகுதான் வந்தது. உள்ளே பற்கள் துருவேறி நொறுங்கிக் கிடந்தன. ஒரு வாரத்துத் தண்ணீர் இரும்பை அப்படித் தின்னுமா? மாதக்கணக்கில் தின்றிருக்கிறது!

எங்களுக்கு ஆனது இரண்டு நாள். அந்த மனிதர் கேட்டதும் இரண்டே நாள்!

தலைவர் அவர்களே, எழுந்திருக்க வேண்டாம். உட்காருங்கள். முடித்துவிடுகிறேன்.

மண்டபத்துக்குக் காளிதாஸின் பெயரை வைக்கலாம் என்றார்கள். வேண்டாம். இனி நம் படகு தண்ணீரில் இறங்குமா இறங்காதா என்பதைப் பழுதுபார்ப்பவர் மட்டுமே முடிவுசெய்வார். செல்வா கூடாதென்றால் கூடாது. டத்தோவே வந்தாலும் கூடாது! இந்த உறுதியை எல்லோரும் என்னோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை அந்தப் புத்தகத்தோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன். பொய்க் கையெழுத்து என்னுடையது என்று முதலில் சொல்வேன். போடச் சொன்னவர் யார் என்று அடுத்துச் சொல்வேன்.

சகோதரி பிரேமலா அவர்களே, இந்த மேடையில் நின்று உங்களிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அதனால் இப்போது கேட்கவில்லை. நாளை வாக்குமூலம் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.