சுத்தமான படம்

கேமராவில் படம் ஆடுகிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. கேமரா கெட்டுவிட்டது, மாற்றிக் கொடு என்பார்கள். கேமரா பாவம், அது என்ன செய்யும்? தண்ணீர் மோட்டார் ஓடும் லைனிலேயே அதன் அடாப்டரையும் சொருகி வைத்திருப்பார்கள். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் படம் துள்ளும். அடாப்டரை வேறு இடத்தில் மாட்டினால் தீர்ந்தது. மாமல்லபுரத்து ஓட்டல்களில் தொடங்கி சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனிகள் வரை நான் பெயர் வாங்கியது இவ்வளவு சின்ன விஷயத்தை வைத்துத்தான்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், மேடம். நிதானமாகவே சொல்கிறேன். இந்த டீ கிளாஸை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியாது.

என் பெயர் சம்பத். அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிப் பிரிவில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு. தொடக்கூடாத பொருளை யாரும் தொடமாட்டோம். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம், கேமராவில் பார்ப்போம், இரும்புக் கையை வைத்துத் தூக்குவோம், வைப்போம். வேலை முடிந்தால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். உலகத்தில் எல்லாமே அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருவிடந்தையில் வீடு கட்டினோம். கேமரா ரிப்பேர் வேலையை அதற்குப் பிறகுதான் பிடித்துக்கொண்டேன்.

ஞானம்பாளுக்கு நுரையீரல் சுருங்கிப்போனது. என் மனைவியைத்தான் சொல்கிறேன். மருந்தில் சரியாகாது, மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் ஏறிக்கொண்டே இருந்தால் காலம் தள்ளலாம் என்றார் டாக்டர். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் சுப்ரஜா மிஷின் வாங்கி அனுப்பினாள். காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின், கரண்ட் இருக்கும்வரை ஓடும். கூட இருந்து பார்த்துக்கொள்ள செய்யூர் பக்கத்திலிருந்து வேண்டா என்றொரு பெண்ணை வைத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்.

நோய் என்றால் மருந்து, மாத்திரை, கவலை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சளி துப்பும் கிண்ணம், நனைந்த விரிப்பு, வியர்வையில் ஊறிய தலையணை. வாசலில் கால் வைத்ததுமே மூக்கில் ஏறும் அந்த வாடை. எனக்கு அருவருப்பாக இருந்தது. வேறு சொல் போட்டு மூடுவதில் அர்த்தமில்லை. முப்பது வருஷம் என் பக்கத்தில் படுத்தவள் இருமி எடுத்துத் துப்புவதைப் பார்த்தேன். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து அந்த அறைக்குள் சேர்ந்தாற்போல ஐந்து நிமிஷம் நின்றதில்லை.

அதற்காக அவளைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவள் கட்டிலுக்கு எதிரே வயர்லெஸ் கேமரா ஒன்று வைத்தேன். அதன் ரிசீவரை ஹாலில் டிவியோடு இணைத்தேன். காலையில் காபி குடிக்கும்போது பார்ப்பேன், சாப்பிடும்போதும் பார்ப்பேன். ஏதாவது வேண்டுமென்றால் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கு, நான் வேண்டாவைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

"காமிராவுக்குக் கை காட்டறதுக்கு, நீங்களே ஒரு எட்டு வந்து நிக்கலாமே" என்றாள் ஞானம்பாள்.

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினால் அவள் உதட்டோரத்தில் நுரை கட்டும்.

முதலில் படம் சரியாக வரவில்லை. ஒரே புள்ளி புள்ளியாக இருந்தது. கேமராவுக்கும் ஹாலுக்கும் நடுவில் இரும்பு பீரோ நின்றிருந்தது. இரும்பு இருந்தால் சிக்னல் தாண்டாது. பீரோவை நகர்த்த அந்த அறையில் வேறு இடம் இல்லாததால் ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னேன். கடல் காற்று வரும் ஜன்னல் அது ஒன்றுதான். படம் தெளிந்தது.

"இன்னா சார் இது, அம்மாவுக்கு அந்த ஜன்னல்தான் உசுரு. அதப் பாத்துக்கினுதான் கஞ்சியே குடிக்கும்" என்றாள் வேண்டா.

காற்றுக்கு மின்விசிறி இருக்கிறதே என்றேன். ஆனால் விசிறியின் ரெகுலேட்டரால் படத்தில் கோடு கோடாக ஓடியது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைத்தேன். கோடு நின்றது. விசிறி முழு வேகத்தில் மட்டும்தான் சுற்றும், அந்தக் காற்றை ஞானம்பாளால் தாங்க முடியவில்லை. வேண்டா அதை அணைத்தே வைத்தாள். அது அவர்கள் இரண்டு பேரும் எடுத்த முடிவு.

வேண்டாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புகையிலை போடுவாள். கஞ்சி சூடா என்று பார்க்க, கரண்டியை முதலில் தன் வாயில் வைத்துப் பார்ப்பாள். அதே கரண்டியை ஞானம்பாள் வாயில் கொடுப்பாள். டிவியில் அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைவிட மோசம், ஞானம்பாள் அதை வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

இவளை அனுப்பிவிடலாம் என்று சுப்ரஜாவிடம் போனில் சொன்னேன்.

"அம்மாவைத் தொட்டுத் தூக்கறது அந்த வீட்டுல அவ ஒருத்திதாம்பா. நீ போய் உக்காந்து பேசறியா?" என்று கேட்டாள்.

நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். வேண்டாவின் லட்சணத்தை மகளுக்குப் படமாகவே காட்டினால்தான் புரியும் என்று அன்றைக்குத் தோன்றியது. பழைய விசிஆரைத் தூசு தட்டி ரிசீவரோடு சேர்த்தேன். அறையில் நடப்பதெல்லாம், சத்தமில்லாமல் படமாக மட்டும், கேசட்டில் ஏறத் தொடங்கியது.

இந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், மேடம். எங்கள் பக்கத்துக்கு மத்தியானம். மின்சார போர்டு அறிவித்த நேரத்தில் டாணென்று போய்விடும். அதற்காகவே சுப்ரஜா ஒரு இன்வெர்ட்டரும் வாங்கியிருந்தாள், அம்மாவின் மிஷினுக்காக. நான் கேமரா, ரிசீவர், டிவி, விசிஆர் எல்லாவற்றையும் அதிலேயே கொடுத்தேன். ஒருநாள் மத்தியானம் பாரம் தாங்காமல் இன்வெர்ட்டர் கட் ஆகிவிட்டது. எல்லாம் ஒரேயடியாக நின்றது. ஆக்ஸிஜன் மிஷினில் கரண்ட் போனால் கத்துவதற்கென்று உள்ளே தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த வேண்டா சோப்புக் கையோடு ஓடி வந்தாள். மூலையில் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி மாட்டினாள். மிஷின் கொண்டுவந்த ஆள் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தான். நீலம் பாரித்துப்போன ஞானம்பாள் முகத்தில் மெதுவாக நிறம் திரும்பியது.

"சார், மிஷினு நின்னா கொஞ்ச நேரம்கூட அம்மா தாங்காது சார். இந்த டிவியெல்லாம் எதுக்கு சார் அதுல?" என்றாள்.

டிவியெல்லாம் எதுக்கு. புகையிலை எச்சில் வழியும் வாயால் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டாள்.

நான் கோபப்படவில்லை. பாரம் அதிகமானால் ஒன்றைக் கழற்ற வேண்டும், இது என் தொழிலில் பால பாடம். மறுநாள் வேண்டா குளிக்கப் போயிருந்தபோது விசிஆரை நிறுத்திவிட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஞானம்பாள் தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் மிஷினின் பின்மூடியைத் திறந்து அலறுகிற பேட்டரியைக் கழற்றினேன். பிறகு அதன் ஒயரை இன்வெர்ட்டர் பிளக்கிலிருந்து எடுத்துச் சாதாரண பிளக்கில் மாட்டினேன். கேமராவில் மைக் இருந்தது. அந்த அலறல் டிவி ஸ்பீக்கரில் காதைப் பிளக்கும். பேட்டரியை ஏன் கழற்றினாய் என்று நீங்கள் கேட்டபோது முதலில் சொன்ன காரணம் அது.

வேண்டாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் வேலையின் ஒரு பகுதிதான்.

அன்று மத்தியானம் விசிஆரை மறுபடி ஓடவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். படம் அவ்வளவு சுத்தமாக வந்ததே இல்லை. விரிப்பின் கட்டம், குழாயின் வளைவு, மிஷினில் எரியும் பச்சை விளக்கு, எல்லாம் துல்லியம். வேண்டா அழுக்குத் துணிகளை வாரிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சொன்ன நேரத்துக்குக் கரண்ட் போனது. பச்சை விளக்கு அணைந்தது. டிவியில் ஒரு துள்ளல்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஞானம்பாள் விழித்துக்கொண்டாள். வாய் திறந்து திறந்து மூடியது. மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட முயன்றாள், குரல் எழும்பவில்லை. பிறகு நேராகக் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே.

எழுந்து போனேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அறை வாசலின் திரைவரைக்கும் போனேன். கிண்ணம் கவிழ்ந்திருந்தது. சளி தரையில் வழிந்து வாசல் பக்கமாக வந்துகொண்டிருந்தது. வாடை முகத்தில் அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் நடந்ததில் ரிசீவரின் ஏரியல் அசைந்திருக்க வேண்டும், படத்தில் லேசாக ஒரு கோடு. அதைச் சரி செய்தேன். சரியானபோது அவள் கை இன்னும் மேலேதான் இருந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

வேண்டாவை ஒரு குரல் கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். கொல்லை எத்தனை தூரம்? கூப்பிடவில்லை. அவள் இல்லாத நேரத்தில் நடந்தது என்று கேசட்டில் வர வேண்டும். அவளாகத் திரும்பி வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். வந்தாள், பார்த்தாள், ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்தாள். அந்த வாயோடு தன் வாயை வைத்து ஊதினாள். அதைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கேசட்டை நானே இந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தேன். வேலைக்காரி கவனக்குறைவாக விட்டுவிட்டாள் என்று புகார் எழுதினேன். அவளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். "மிஷினு நின்னா கத்தும்னாங்கோ, கத்தவே இல்லியேம்மா" என்று அவள் உங்கள் காலைப் பிடித்து அழுததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கத்தினதை அவள் காதில் வாங்கவில்லை என்றேன். என்னை எல்லோரும் நம்பினார்கள். படித்தவன், அரசாங்க வேலையில் இருந்தவன், வெள்ளைச் சட்டை.

நீங்கள் மட்டும் கேசட்டை மறுபடி போட்டீர்கள். பச்சை விளக்கு அணையும் இடத்தில் நிறுத்தினீர்கள்.

"சார், கரண்ட் போய் மிஷின் நின்னுடுச்சு. அதுக்கப்புறமும் படம் ஓடிக்கிட்டே இருக்கே. இன்வெர்ட்டர் மிஷினுக்குன்னுதானே சொன்னீங்க?"

படம் கொஞ்சம் மங்கலாக இருந்திருந்தால் அந்த விளக்கே தெரிந்திருக்காது. என் கை அப்படி. அரைகுறையாக எதையும் விட வராது.

கேமராவுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன பேட்டரி வைத்திருக்கலாமே, டிவியை அணைத்து வைத்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். சரியான கேள்வி. ஓட்டல்களில் நான் அப்படித்தான் செய்வேன். அந்த பேட்டரி என் வீட்டு ஷெட்டில், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பிளக்கை மாற்றும்போது அது என் நினைவில் இருந்தது. மத்தியானம் கரண்ட் போகும் என்பதும் நினைவில் இருந்தது. வேண்டா கொல்லையில் இருப்பாள், அலறல் கேட்காது, ஞானம்பாள் தாங்கமாட்டாள், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அறையை டெட்டால் போட்டுக் கழுவி, அந்த வாடை இல்லாமல் என் வீட்டில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேண்டாவை விட்டுவிடுங்கள். அவள் மேல் குற்றமில்லை, அழுக்கு மட்டும்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? என் பேனாவிலேயே போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். ஞானம்பாள் யாருமில்லாமல் தனியாகச் செத்தாள் என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார், அதை அடித்துவிடச் சொல்லுங்கள். கடைசிவரை நான் கூடவே இருந்தேன்.