வியாழக்கிழமைக் குரல்

எனக்கு வெல்லம் பிடிக்காது, வாயெல்லாம் பிசுபிசுக்கும். ஆனால் ஆம்பூரில் நான் சூப்பர்வைசராக இருக்கும் தோல் கம்பெனியில், பஃபிங் செக்‌ஷன் ஆட்களுக்குத் தினமும் சாயங்காலம் ஆளுக்கொரு கட்டி கொடுப்போம். தோலைத் தேய்க்கும் அந்த மிஷினிலிருந்து மாவு மில் மாதிரி தூசி பறக்கும். தொண்டையில் படிந்ததை வெல்லம் இறக்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை.

அந்த மிஷினில்தான் சுந்தர்ராஜ் அண்ணன் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் ஜோலார்பேட்டை ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களில் கிட்டார் வாசித்துப் பாடியவர். அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் பாட்டை அவரைப் போலப் பாட இந்தப் பக்கத்தில் ஆளில்லை. எனக்கும் என் தோஸ்த் லியாகத் அலிக்கும் ஒரு சின்ன பேண்ட் இருந்தது. எண்பத்து மூன்றில் அவரோடு சேர்ந்து தமிழில் ஒரு ப்ளூஸ் கேசட் போடலாம் என்று கேட்டோம். மனிதர் உருகிப்போய்விட்டார்.

முதல் பாட்டை ஒரு வெள்ளிக்கிழமை பதிவு செய்தோம். எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கு அன்றுதான் லீவு. ஓய்வெடுத்த குரல், சர்ச் பாட்டு மாதிரி சுத்தமாக வந்தது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அடுத்த வாரம் வியாழக்கிழமை, வேலை முடிந்த கையோடு வந்து அதே பாட்டைப் பாடினார். வாரம் முழுக்க விழுங்கிய தூசி தொண்டையில் இருந்தது. குரல் கரகரத்து, நடுவில் உடைந்தது. டிரம்ஸில் இருந்த லியாகத் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதிலிருந்து எல்லாப் பாட்டும் வியாழக்கிழமைதான். அன்று மட்டும் அவருக்கு வெல்லம் வேண்டாம் என்று ஸ்டோரில் சொல்லிவைத்தேன்.

பாதி கேசட் முடிந்திருந்தபோது அவர் மகள் ஆக்னஸ் என்னைத் தேடி வந்தாள். வேலூரில் நர்ஸாக இருப்பவள்.

"அப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தோம்ண்ணா. தூசில நிக்கவே கூடாதுன்ட்டாரு டாக்டர். பேக்கிங்ல மாத்திடுங்க. உங்க கைலதான இருக்குது."

"பாக்குறேம்மா" என்றேன். பேக்கிங்கில் இடம் காலியாகத்தான் இருந்தது. எனக்கு இன்னும் நாலு பாட்டு பாக்கி இருந்தது.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. அவர் வீட்டுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிப் போனேன். "இருமல் ஜாஸ்தியாயிட்ச்சி தம்பி" என்று அவர் சொன்னபோது, ஸ்டூல் போட்டு உட்கார வைத்துத்தான் பாடவிட்டேன். லியாகத்துக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா பண்ற நீ? அவரு மூச்சு வாங்குறது உனுக்குக் கேக்கலயா?"

கேட்டது. அதற்காகத்தான் மைக்கை இன்னும் கிட்டே நகர்த்தினேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததுமே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினேன். "நல்லா இருக்கணும் தம்பி நீ" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. அடக்க ஆராதனை முடிந்து வீட்டில் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். "அப்பா குரலயாவது எங்களுக்கு மிச்சம் வச்சீங்கண்ணா" என்று ஆக்னஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெட்கத்தில் என்னால் தலை நிமிர முடியவில்லை. இந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

செய்தும் விட்டேன். அவர் மகன் இன்பசேகரன் வேலையில்லாமல் இருந்தான். நானே கூப்பிட்டுக் கம்பெனியில் சேர்த்தேன். அவனும் பாடுவான். பேக்கிங்கில் இடம் இருந்தது. குரல் ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்று பஃபிங்கில் நிறுத்தியிருக்கிறேன்.