இசக்கிதுரைக்குக் கொடுத்த கார்டு

வண்டிக் கேமராவுக்கு மெமரி கார்டு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வண்டி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத்தான். போனில் போடுகிற சாதாரணக் கார்டு இதற்குத் தாங்காது, கண்ணுகளா. கேமரா ஓயாமல் எழுதும். இடம் நிறைந்தால் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே எழுதும். அந்த உழைப்புக்கென்று தனிக் கார்டு வருகிறது. அதையே கேட்டு வாங்குங்கள்.

இசக்கிதுரைக்கு நான் சாதாரணக் கார்டைத்தான் கொடுத்தேன்.

தாராவியில் என் கடை, இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். வீட்டுக்காரர் போன பிறகு, விலை கேட்பதற்கு மேல் என்னோடு யாரும் பேசியதில்லை. இவன் டாக்ஸி ஓட்டுகிறவன், நாங்குநேரிப் பக்கம். வாரத்துக்கு ஒருதரம் கார்டு மக்கர் பண்ணும், எடுத்துக்கொண்டு வருவான். ஐந்து நிமிட வேலையை முக்கால் மணி நேரம் இழுப்பேன். அதற்குள் சாயா வந்துவிடும். தங்கச்சி வளைகாப்பு, சவாரி வந்த சேட்டம்மா சண்டை எல்லாம் சொல்லிவிடுவான்.

"பெரியம்மா, கட வச்சிருக்கியளா, ஆஸ்பத்திரி வச்சிருக்கியளா? வாராவாரம் இது அட்மிட் ஆவுதே" என்பான். சிரிப்போம்.

நல்ல கார்டு அலமாரியிலேயே இருந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. போன மார்ச்சில், மஸ்கட்டில் கம்பெனி வண்டி ஓட்ட விசா வந்துவிட்டதென்று பேடா கொண்டுவந்தான். ஒன்று எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மறு வாரம் செம்பூரில் விபத்து. பைக்கில் வந்தவர் அங்கேயே இறந்துவிட்டார். போலீஸ் கையில் போனால் தொலைத்துவிடுவார்கள் என்று, அவர்கள் வருமுன் கார்டை உருவி வைத்துக்கொண்டானாம். ஜாமீனில் வந்ததும் வக்கீலிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தான். எங்கள் ஆட்கள் அப்படித்தான். சர்க்காரை நம்ப மாட்டார்கள், தெரிந்த கடையை நம்புவார்கள்.

"அந்தாளு ராங் சைடுல வந்தாரு பெரியம்மா. எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

கார்டு வெயிலில் கெட்டிருக்கும் போல, சாயங்காலம் வா என்று அனுப்பினேன். பிறகு திறந்து பார்த்தேன். இருந்தது. பைக் எதிர்ப்பக்கமாக வருகிறது. இவன் பிரேக் போடுகிறான். முருகா என்கிறான். மூன்று தடவை பார்த்தேன்.

அழித்தேன். வெறுமனே அழித்தால் தெரிந்தவர்கள் மீட்டுவிடுவார்கள். அதனால் கார்டு நிறைகிற வரைக்கும் பாட்டை ஏற்றி, மறுபடியும் அழித்தேன். பொறுமையான வேலை.

சாயங்காலம் வந்தவனிடம் ஒன்றும் இல்லை என்றேன்.

"நீங்க என்ன செய்வீய பெரியம்மா. எம் நேரம்" என்று என்னைத் தேற்றினான்.

பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. கேஸ் முடிய ஏழெட்டு வருடம் ஆகும் என்கிறார் வக்கீல். லைசென்ஸும் போய்விட்டதால் என் கடையிலேதான் உட்கார்ந்திருக்கிறான். படுக்கை மேல் பரணில், சாப்பாடு என்னோடு. முன்போலப் பேச்சு இல்லை. சில நாள் தட்டைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது நானே பிசைந்து உருட்டிக் கையில் வைப்பேன்.

ஆள் தெரியாத அந்த மஸ்கட்டில் அவன் தனியாகப் போய் என்ன செய்திருப்பான், நீங்களே சொல்லுங்கள்.