நாளும் மாதமும் இடம் மாறியது குறித்து

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவற்றை எழுத்தர் முதல் தாளில் குறித்துக்கொண்டார். வயது நாற்பத்தாறு. லிப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் பதிவேட்டுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்து, தற்போது அதன் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என்னை யாரும் அழைத்து விசாரிக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் நானாக வந்து சொல்கிறேன்.

எங்கள் பொறுப்பில் இரண்டாயிரத்து முந்நூறு லிப்டுகள் இருக்கின்றன. எது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அடுத்து எந்தத் தேதியில் பார்க்க வேண்டும், என்ன பாகம் மாற்ற வேண்டும் என்ற விவரங்களை வைத்திருப்பது என் பிரிவின் வேலை. அந்த விவரங்கள் பழைய மென்பொருள் ஒன்றில் இருந்தன. பாதி என் தலைக்குள்ளும் இருந்தன. மெக்கானிக்குகளின் தலைவர், கம்பி என்று எல்லோரும் கூப்பிடுபவர், தினமும் காலையில் என் மேசைக்கு வந்து கட்டடத்தின் பெயரைச் சொல்வார். நான் கணினியைப் பார்க்காமலே பதில் சொல்வேன். அவர் என்னை 'நடமாடும் ரெஜிஸ்டர்' என்பார்.

என் கணவரின் தம்பி மனைவியான என் ஓர்ப்படிக்கு வயது இருபத்தொன்பது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் மேலாளரிடம் பேசி அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான்.

கடந்த ஜனவரியில் நிறுவனத்துக்குப் புதிய நிர்வாக மென்பொருள் வாங்கினார்கள். பழையதில் இருக்கும் விவரங்களை ஒவ்வொன்றாக அச்செடுத்துப் புதியதில் தட்டச்சு செய்ய நான்கு பேரும் எட்டு மாதமும் வேண்டும் என்று நான் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். மேலாளரும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு என் ஓர்ப்படி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "எட்டு மாசமாக்கா? எனக்கு ரெண்டு வாரம் குடுங்க, சும்மா முயற்சி பண்ணிப் பாக்கறேன்" என்றாள். நான் சிரித்துக்கொண்டு சரி என்றேன். அவளால் முடியாது என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவள் பழைய மென்பொருளின் கட்டங்களை இடது பக்கமும் புதியதன் கட்டங்களை வலது பக்கமும் வைத்து, எது எதற்குள் போக வேண்டும் என்று கோடு இழுத்துக் காட்டினால் போதும் என்கிற மாதிரி ஒரு வழி செய்தாள். பழையதில் 'கைபேசி' என்றும் 'செல்' என்றும் 'தொலைபேசி 2' என்றும் நான்கைந்து விதமாகக் கிடந்தது எல்லாம் தானாக ஒரே கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. வரவேற்பில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஐம்பது லிப்டுகளை அவள் கையாலேயே மாற்ற வைத்தாள். அந்தப் பெண், "ஐயோ, இவ்ளோதானா?" என்றாள். பதினோரு நாளில் இரண்டாயிரத்து முந்நூறும் முடிந்தன.

அன்று மாலை வீட்டில் என் கணவர் என்னிடம், "சின்னவ கெட்டிக்காரிதான். உனக்கு எட்டு மாசம், அவளுக்குப் பதினோரு நாள்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்த பிறகுதான் தேவைக்கு இரண்டு மடங்கு நறுக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. என் மகள் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சித்தி சொல்லிக்கொடுத்தால்தான் அவளுக்குப் புரிகிறதாம்.

அதன் பிறகு மார்ச் மாதம் முதல் வாரம் புதன்கிழமை காலை கம்பி அலுவலகத்துக்கு வந்தார். என் மேசையைத் தாண்டி என் ஓர்ப்படியின் மேசைக்குப் போனார். அவள் அவரையே தட்டச்சு செய்யச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் கட்டடத்தின் பெயரைத் தட்டினார், விவரம் வந்தது. திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "இனிமே உங்களைத் தொல்லை பண்ண மாட்டேங்க்கா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அன்று மதியம் என் ஓர்ப்படி என்னிடம் வந்து, "அக்கா, நாளைக்கு இதை எல்லாருக்கும் திறந்து விடறாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை கண்ணை ஓட்டுங்க. உங்களுக்குத்தானே எல்லாம் அத்துப்படி" என்று கேட்டாள். நான் நாற்பது லிப்டுகளை எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்றாவதாக, நான்கு மாடி மருத்துவமனைக் கட்டடத்தின் லிப்ட் வந்தது. அதை ஜனவரியில் பார்த்த மெக்கானிக், பிரேக் பட்டை தேய்ந்திருக்கிறது, அடுத்த முறை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். அடுத்த முறை என்பது ஏப்ரல் ஒன்பது என்று எனக்கு நினைவிருந்தது. திரையில் செப்டம்பர் நான்கு என்று இருந்தது.

பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. பழையதில் நாளின் எண்ணை முதலில் எழுதி மாதத்தைப் பிறகு எழுதுவோம். புதியது மாதத்தை முதலில் படிக்கிறது. நாள் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் அப்படி ஒரு மாதம் இல்லாததால் அதுவே சரியாக எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டோ அதற்குக் கீழோ இருந்தால் புரட்டிப் போட்டுவிடுகிறது. நான் பார்த்த நாற்பதில் இப்படிப் பதினோரு லிப்டுகள் தப்பாக இருந்தன. அவற்றின் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாளை இப்போது அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இதை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். அதன் பிறகு, நான் சொன்னால் அவள் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவாள், அதற்கும் சேர்த்து அவளுக்குத்தான் கை தட்டுவார்கள் என்று தோன்றியது. மெக்கானிக்குகள் தப்பான தேதிக்குப் போய் அலைந்துவிட்டு வந்து சத்தம் போடட்டும், அப்போது எல்லோரும் என் மேசைக்குத்தான் வர வேண்டும் என்று தோன்றியது. நான்கு மணிக்கு அவள் வந்து, "என்னக்கா, எப்படி இருக்கு?" என்றாள். "பாத்தேன். சரியாத்தான் இருக்கு" என்றேன். அவள் என் தோளைத் தொட்டு, "இப்பதான் எனக்கு மூச்சே வருது" என்றாள்.

ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பட்டியலில் இருக்கும் லிப்டுக்குத்தான் மெக்கானிக் போவார். இல்லாததை அவர் எப்படித் தேடுவார்? ஏப்ரல் ஒன்பதாம் தேதி வந்து போனது. எனக்கு அந்தத் தேதி நினைவிருந்தது. அன்று இரண்டு முறை எழுந்து அவள் மேசை வரை போய், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அதன் பிறகு சொல்லப் போனால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இருந்துவிட்டேன்.

ஜூன் பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனை லிப்ட் மூன்றாவது மாடியில் நிற்காமல் சறுக்கிக் கீழ்த்தளத்தில் மோதியது. உள்ளே இருந்த துப்புரவுப் பணியாளர், வயது ஐம்பத்திரண்டு, அவருக்கு இரண்டு குதிகால் எலும்புகளும் உடைந்தன. பிரேக் பட்டை காகிதம் போலத் தேய்ந்திருந்தது என்று கம்பி வந்து சொன்னார்.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில் இதே அதிகாரி வந்து விசாரணை நடத்தினார். கதவு திறந்திருந்தது. நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க மாத்தினதை வேற யாராவது சரிபார்த்தாங்களா?" என்று அதிகாரி கேட்டார். "இல்ல சார். நான் மட்டும்தான். பொறுப்பு என்னோடதுதான்" என்றாள் என் ஓர்ப்படி.

அன்று அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது, "ஏன்டி என் பேரைச் சொல்லலை?" என்று கேட்டேன். "உங்க வேலையை நான் புடுங்கிட்டேன்னு ஏற்கெனவே நாலு பேர் பேசறாங்க. இதுலயும் உங்களை இழுத்து விடணுமாக்கா? நீங்க பாத்த நாப்பதுல இது இருந்திருக்காது. இருந்திருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?" என்றாள். அப்போதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. இதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்றுதான் இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போய் அந்தத் துப்புரவுப் பணியாளரைப் பார்த்தேன். லிப்ட் நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மா எழுந்து உட்காரப் பார்த்தார். "ரெண்டு வாளி நெறையத் தண்ணி ஏத்திட்டேம்மா. அந்தப் பாரத்துலதான் உங்க லிப்ட் கெட்டுப்போச்சோ?" என்று கேட்டார். அவர் காலிலிருந்து கண்ணை எடுத்து நான் சுவரைப் பார்த்தேன். "உங்க மேல தப்பில்லை" என்றேன். யார் மேல் என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே சொல்லாததால் இன்று இங்கே வந்தேன்.

தேதி புரண்டிருந்தது விபத்து நடந்த அன்றுதான் வெளியே தெரிந்தது; மீதி லிப்டுகளின் தேதிகளை என் ஓர்ப்படி அன்றே உட்கார்ந்து திருத்திவிட்டாள். இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்கிறார். தெரியாது. இன்று என்னை வண்டியில் கூட்டிவந்ததே அவள்தான். அவளுக்கு ஆதரவாகச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாக்குமூலம் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் தப்பைச் சொல்லாமல் விட்டது 'கவனக்குறைவால்' என்று எழுத்தர் ஓரிடத்தில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுப் 'பொறாமையால்' என்று எழுதச் சொல்லி, அந்தத் திருத்தத்தின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது.

(கையெழுத்து)